ரெண்டு ஸ்ட்ரோக்கா, நாலு ஸ்ட்ரோக்கா? படகு எஞ்சினுக்குக் கடன் கேட்கும் முன்

(நமது கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில், கடற்கரைக் குழு ஒன்றின் ஊக்குநர் பேசியது. மூன்று குழுக்கள் படகு எஞ்சின் வாங்கப் பொருளாதாரக் கடன் கேட்டு மனு கொடுத்திருப்பதால் இந்தப் பேச்சுக்கு ஏற்பாடு செய்யப்பட்டது. உறுப்பினர்கள் பலர் கேட்டுக்கொண்டபடி முழுதாகத் தருகிறோம்.)



ஒரத்தநாடு பக்கத்திலிருந்தும் பேராவூரணி பக்கத்திலிருந்தும் வந்திருக்கிற அக்காமார்கள், "நமக்கும் படகு எஞ்சினுக்கும் என்ன சம்பந்தம், நாம வயக்காட்டுக்காரங்க" என்று நினைக்கலாம். சம்பந்தம் இருக்கு. கடன் கொடுக்கப்போவது கூட்டமைப்பு. அதில் உங்கள் சந்தாவும் சேமிப்பும் சேர்ந்துதான் கிடக்குது. கடற்கரையில் ஒரு எஞ்சின் நின்றால், இங்கே உங்கள் பதிவேட்டில் ஒரு தவணை நிற்கும். அதனால் கொஞ்ச நேரம் கேளுங்கள்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். 2018 நவம்பர் 16 அன்று அடித்த கஜா புயல் எல்லாருக்கும் தெரியும். உங்களுக்குத் தென்னை போச்சு, எங்களுக்குப் படகு போச்சு. எங்கள் பைபர் படகு கரையில் கட்டிப்போட்ட இடத்திலிருந்து தூக்கி வீசப்பட்டு ரெண்டாகப் பிளந்து கிடந்தது. எஞ்சின் சேற்றுக்குள் போய்விட்டது. படகை எப்படியோ ஒட்டிச் சரி பண்ணினோம். எஞ்சினுக்குப் பணம் இல்லை. குழுவில் என் பெயரில் முப்பதாயிரம் கடன் எடுத்தேன். மாதம் ரெண்டாயிரம், பதினைந்து தவணை, வட்டி தனி. அந்தப் பணத்தில் எங்க வீட்டுக்காரரும் கொழுந்தனாரும் போய் ஒரு பழைய எஞ்சின் வாங்கி வந்தார்கள். படகின் பின்பலகையில் மாட்டுகிற பெட்ரோல் எஞ்சின், எட்டு குதிரைத்திறன், ரெண்டு ஸ்ட்ரோக். என்ன எஞ்சின், எவ்வளவு குடிக்கும், எதை ஊற்றணும் என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கையெழுத்து மட்டும் போட்டேன்.

ஐந்தாவது மாதம், ஆடி. நண்டு வலை எடுக்கப் போனார்கள். அன்றைக்கு பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டும். என் வீட்டுக்காரர் தம்பி கலந்திருப்பான் என்று நினைத்தார். தம்பி, அண்ணன் கலந்துவிட்டார் என்று நினைத்தான். ரெண்டு பேரும் கலக்கவில்லை. கரையிலிருந்து போய் வலையை எடுத்துத் திரும்புகிற நேரத்தில் எஞ்சின் சத்தம் மாறி, கிறீச் என்று ஒரு இழுப்பு இழுத்து, நின்றுவிட்டது. கயிற்றை இழுத்தால் வரவில்லை. பிஸ்டன் உள்ளேயே பிடித்துக்கொண்டது. சீஸ் ஆயிடுச்சு என்று சொல்வார்களே, அதுதான்.

ஆடி மாசத்துக் கச்சான் காற்று எங்கள் கரையிலிருந்து கடலுக்குத் தள்ளுகிற காற்று. பாக் நீரிணையில் எஞ்சின் இல்லாத படகு காற்று போகிற பக்கம் போனால் எங்கே போய்ச் சேரும் என்று கடற்கரைப் பெண்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எல்லைக்கோட்டைத் தாண்டினால் படகும் போகும், ஆளும் சிறைக்குப் போகும். துடுப்பு போட்டு, நங்கூரம் போட்டு, ராத்திரி முழுக்க நின்றிருக்கிறார்கள். நான் கரையில் மாமியாரோடு உட்கார்ந்திருந்தேன். விடியற்காலை பக்கத்து ஊர் வள்ளம் ஒன்று பார்த்துக் கயிறு கட்டி இழுத்து வந்தது. இழுத்து வந்ததற்கு அவர்கள் கூலி கேட்கவில்லை, டீசல் மட்டும் போட்டுக் கொடுத்தோம்.

எஞ்சின் நின்றது, தவணை நிற்கவில்லை. இன்னும் பத்து தவணை பாக்கி. தோட்டை அடகு வைத்துத்தான் கட்டி முடித்தேன். அதற்குப் பிறகுதான் மெக்கானிக்கைப் பிடித்து உட்காரவைத்து, ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதைத்தான் இப்போது சொல்கிறேன்.

ரெண்டு ஸ்ட்ரோக், நாலு ஸ்ட்ரோக் என்றால் என்ன? இது உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம்தான், பெயர்தான் தெரியாது. வயலில் மருந்தடிக்க முதுகில் மாட்டுகிற பவர் ஸ்பிரேயர் பார்த்திருப்பீர்கள். அது பெரும்பாலும் ரெண்டு ஸ்ட்ரோக். பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்றுவார்கள், வீல் என்று கத்தும், நீலப்புகை வரும், ஒரு ஆள் தூக்கிக்கொண்டு வரப்பில் நடக்கலாம். ஆற்றில் தண்ணீர் வராத காலத்தில் குறுவைக்கு இறைக்கிற ஆயில் எஞ்சின் நாலு ஸ்ட்ரோக். தட தட என்று ஓடும், தூக்க நாலு பேர் வேண்டும், ஆயில் அடியில் தனியாக இருக்கும். டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டியும் அப்படித்தான். முன்பெல்லாம் பங்கில் பெட்ரோல் போட்டதும் ஆயிலும் ஊற்றச் சொல்வோம் இல்லையா? அது ரெண்டு ஸ்ட்ரோக் வண்டி. 2015-இல் வந்த எக்ஸ்எல் 100 நாலு ஸ்ட்ரோக். அதற்குப் பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டாம்.

உள்ளே நடப்பது இதுதான். எஞ்சினுக்குள் பிஸ்டன் மேலும் கீழும் போய் வரும். நாலு ஸ்ட்ரோக்கில், காற்றையும் பெட்ரோலையும் உள்ளே இழுக்க ஒரு தடவை, அமுக்க ஒரு தடவை, வெடித்துத் தள்ள ஒரு தடவை, புகையை வெளியேற்ற ஒரு தடவை என்று நாலு ஓட்டம். ரெண்டு ஸ்ட்ரோக்கில் இந்த நாலு வேலையையும் ரெண்டே ஓட்டத்தில் அவசர அவசரமாக முடித்துவிடும். சுற்றுக்குச் சுற்று வெடிப்பதால் சின்ன எஞ்சினிலேயே நல்ல இழுப்பு கிடைக்கும். ஆனால் பழைய புகை வெளியே போகிற அதே நேரத்தில் புதுப் பெட்ரோல் உள்ளே வருகிறது. அதில் ஒரு பங்கு எரியாமலேயே புகையோடு சேர்ந்து வெளியே போய்விடும். சாதாரண கார்புரேட்டர் வைத்த ரெண்டு ஸ்ட்ரோக்கில் நாலில் ஒரு பங்கு வரைக்கும் இப்படி வீணாகும். படகு எஞ்சினில் புகைக்குழாய் தண்ணீருக்குள்தான் திறக்கும். ஆகவே அந்தப் பெட்ரோலும் ஆயிலும் கடலில்தான் கலக்கிறது.

இப்போது ஆயில் கணக்கு. எழுதிக்கொள்ளுங்கள், கடற்கரைக் குழுக்காரர்கள் கட்டாயம் எழுதணும். ஐம்பதுக்கு ஒன்று என்று எஞ்சின் புத்தகத்தில் போட்டிருந்தால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி ஆயில். பத்து லிட்டருக்கு 200 மில்லி. புது எஞ்சினைப் பழக்குகிற முதல் சில மணி நேரத்துக்கு இருபத்தைந்துக்கு ஒன்று என்று இருந்தால் பத்து லிட்டருக்கு 400 மில்லி. குறைந்தால் என் கதிதான். கூடினால் பிளக்கில் கரி பிடித்து, நடுக்கடலில் மக்கர் பண்ணும். கண்ணளவு கூடாது. மருந்து அளக்கிற மாதிரி கோடு போட்ட டப்பாவில் அளக்கணும். கலந்த கேனில் சிவப்புத் துணி கட்டி வைக்கிற வழக்கத்தை நாங்கள் பிறகு கொண்டுவந்தோம். துணி இல்லாத கேன் படகில் ஏறக்கூடாது.

இன்னொன்று. மொபெட்டுக்கு ஊற்றுகிற டூ-டி ஆயிலைப் படகு எஞ்சினுக்கு ஊற்றுகிறார்கள், விலை குறைவு என்று. அது காற்றில் குளிர்கிற எஞ்சினுக்குச் செய்தது. படகு எஞ்சின் கடல் தண்ணீரில் குளிர்வது, அதற்கென்று தனி ஆயில் இருக்கு. டப்பாவில் டிசி-டபிள்யூ3 என்று போட்டிருக்கும். அதைப் பார்த்து வாங்குங்கள்.

நாலு ஸ்ட்ரோக்கில் இந்தக் கலக்கிற தொல்லை இல்லை. ஆனால் தொல்லையே இல்லை என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். அடியில் இருக்கிற ஆயிலைப் புது எஞ்சினில் முதல் இருபது மணி நேர ஓட்டத்திலும், பிறகு சுமார் நூறு மணி நேரத்துக்கு ஒரு தடவையும் மாற்றணும். தினமும் குச்சியை இழுத்து அளவு பார்க்கணும். வால்வு மாதிரியான உதிரி பாகங்கள் அதிகம், பழகாத மெக்கானிக் பிரித்தால் சேர்க்க மாட்டார். அதை இஷ்டத்துக்குச் சாய்க்கவும் கூடாது. எந்தப் பக்கம் படுக்க வைக்கணும் என்று புத்தகத்தில் போட்டிருக்கும், அந்தப் பக்கம்தான் வைக்கணும். மாற்றி வைத்தால் ஆயில் இறங்கி மேலே சிலிண்டருக்குள் போய்விடும்.

அப்புறம் எடை. இதை ஆண்கள் பேசவே மாட்டார்கள், ஏனென்றால் கரையிலிருந்து வீடு வரைக்கும் பல நாள் தூக்குவது நாம்தான். திருட்டுப் பயத்தில் எஞ்சினைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவருகிற ஊர்கள் இருக்கு. எட்டு குதிரைத்திறன் ரெண்டு ஸ்ட்ரோக் முப்பது கிலோவுக்குள் அடங்கும். அதே திறனில் நாலு ஸ்ட்ரோக் நாற்பது கிலோவை நெருங்கும். கொள்முதல் நிலையத்தில் கட்டுகிற ஒரு நெல் சிப்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிப்பத்தைத் தோளில் போடலாம், எஞ்சினைப் போட முடியாது. சேற்றுக்கரையில் ஒரு ஆள் நாலு ஸ்ட்ரோக்கைத் தூக்கிக்கொண்டு நடக்கிறது நடக்காத காரியம்.

சரி, காசுக் கணக்குக்கு வருவோம். நாலு ஸ்ட்ரோக் வாங்குகிற விலை கூடுதல். ஓட்டுகிற செலவு குறைவு. எது லாபம் என்பது மாதத்தில் எத்தனை நாள் கடலுக்குப் போகிறோம் என்பதில்தான் இருக்கு. எங்கள் கடலில் விசைப்படகுக்கு மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நாலு நாள் என்று வாரத்தைப் பங்கு போட்டிருக்கிறோம். ஆக மாதம் பதினாறு நாள். உதாரணத்துக்கு, போக வர ரெண்டு ஸ்ட்ரோக் ஏழு லிட்டர் குடிக்கிறது, நாலு ஸ்ட்ரோக் ஐந்து லிட்டர் குடிக்கிறது என்று வையுங்கள். பெட்ரோல் நூறு ரூபாய் என்றால் ஒரு நாளைக்கு இருநூறு வித்தியாசம். ஏழு லிட்டருக்குக் கலக்கிற ஆயில் ஐம்பது ரூபாய். மொத்தம் இருநூற்றைம்பது. பதினாறு நாளைக்கு நாலாயிரம். நாலு ஸ்ட்ரோக்கின் ஆயில் மாற்றுகிற செலவைக் கழித்தாலும் மாதம் மூவாயிரத்து ஐந்நூறுக்குக் குறையாமல் கையில் நிற்கும். குழுத் தவணையையே அதில் கட்டிவிடலாம். ஆனால் உங்கள் வீட்டுக்காரர் மாதம் ஐந்து நாள்தான் போகிறார், மற்ற நாள் வேறு வேலை என்றால் வித்தியாசம் ஆயிரத்து இருநூற்றைம்பதுதான். அப்போது கூடுதல் விலை கொடுத்த பணத்தை எடுக்க ரொம்ப நாளாகும். எண்களை உங்கள் வீட்டுக் கணக்குக்கு மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஒரு வாரம் எத்தனை லிட்டர் போகிறது என்று நோட்டில் எழுதினாலே தெரிந்துவிடும்.

மூன்றாவதாக ஒன்று இருக்கு. அதை விட்டுவிட்டுப் பேசினால் எங்க ஊர் ஆம்பிளைகள் சிரிப்பார்கள். டீசல் லாங்டெயில். நீளமான தண்டின் நுனியில் விசிறி, மேலே காற்றில் குளிர்கிற டீசல் எஞ்சின். அதுவும் நாலு ஸ்ட்ரோக்தான். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கடற்கரையில் தொண்டு நிறுவனங்கள் ஏராளமாகப் பைபர் படகு கொடுத்தபோது அதோடு அதிகம் போனது இந்த லாங்டெயில்தான். சேறும் ஆழக்குறைவும் உள்ள அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை பக்கத்துக்கு அது தோது. தரை தட்டினால் தண்டைத் தூக்கிவிடலாம். எந்த ஊரிலும் டீசல் மெக்கானிக் கிடைப்பார். மீனவர்களுக்கு அரசு விற்பனை வரி இல்லாமல் டீசல் தருகிறது. எஞ்சின் பொருத்திய நாட்டுப்படகுக்கு வருஷத்துக்கு 4,000 லிட்டராக இருந்ததை 4,400 ஆக்குவதாக 2023 ஆகஸ்டில் அறிவித்தார்கள். பெட்ரோல் எஞ்சின் வாங்கினால் இந்தச் சலுகை கிடையாது. இதைக் கணக்கில் சேர்க்காமல் யாரும் முடிவு பண்ணாதீர்கள். லாங்டெயிலில் குறை என்னவென்றால் எடை, அதிர்ச்சி, சத்தம். எங்க வீட்டுக்காரர் இப்போது அதைத்தான் ஓட்டுகிறார். வீட்டுக்குள் ரசம் வேணும் என்பதைக் கூடக் கத்தித்தான் கேட்கிறார். காதுக்குப் பஞ்சு வை என்றால் கேட்பதில்லை, கேட்கவும் கேட்காது.

மண்ணெண்ணெயில் ஓடுகிற எஞ்சின் கன்னியாகுமரிப் பக்கமும் கேரளாவிலும் நிறைய. பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அதுவும் ரெண்டு ஸ்ட்ரோக்தான். மலிவாகத் தெரியும். மானியம் இருக்கிற வரைக்கும்தான் மலிவு. நமக்கு எதிர்க்கரையில், இலங்கையில், சின்னப் படகுக்காரர்கள் பெரும்பாலும் மண்ணெண்ணெய் எஞ்சினை நம்பியிருந்தார்கள். 2022-இல் அங்கே எரிபொருள் தட்டுப்பாடு வந்தது. ஆகஸ்ட் மாதம் ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் அவர்கள் பணத்தில் 340 ரூபாய் ஆனது. படகு இருந்தது, எஞ்சின் இருந்தது, ஊற்ற வழியில்லை. எரிபொருளையும் சேர்த்துத்தான் எஞ்சினை வாங்குகிறோம்.

வெளிநாட்டில் என்ன செய்கிறார்கள் என்று ஒரு சகோதரி கேட்டார். அமெரிக்காவில் 1996-இல் சட்டம் போட்டு, படகு எஞ்சின் புகையைப் படிப்படியாகக் குறைக்க வைத்தார்கள். டாஹோ என்ற பெரிய ஏரியில் 1999 முதல் பழைய மாதிரி கார்புரேட்டர் ரெண்டு ஸ்ட்ரோக்கை இறக்கவே தடை. அங்கெல்லாம் அந்த ரகம் விற்பனையிலிருந்து போய்விட்டது. அதற்காக நாளைக்கே இங்கே தடை வரும் என்று யாராவது பயமுறுத்தி எஞ்சின் விற்றால் அதையும் நம்ப வேண்டாம்.

ஆனால் நம் கடலைப் பற்றி ஒரு வார்த்தை. மனோரா கோட்டைக்கு எதிரே இருக்கிற கடல் ஆழம் குறைந்தது, அடியில் கடற்புல். 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அரசு அறிவித்தது. கடற்பசு தின்பது அந்தப் புல்லைத்தான். கடற்பசு நமக்கு என்ன சோறா போடுது என்று கேட்கலாம். நண்டுக்குஞ்சும் இறால்குஞ்சும் வளர்கிறதும் அந்தப் புல்லில்தான், அது நமக்குச் சோறு போடுது. ஆயில் கலந்த பெட்ரோலை அதன் மேலேயே விட்டுக்கொண்டு போவதும், ஆழமில்லாத இடத்தில் விசிறியைத் தூக்காமல் புல்லை அறுத்துக்கொண்டு போவதும் நம் தட்டிலேயே கை வைக்கிற காரியம்.

எந்த எஞ்சினாக இருந்தாலும் கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் ஓடவிட்டு உப்பைக் கழுவணும். லாங்டெயிலுக்கு வெளியே கழுவினால் போதும், பின்பலகை எஞ்சினுக்கு உள்ளேயும் கழுவணும். ஒரு டிரம் தண்ணீரில் அடிப்பாகத்தை முக்கி ஐந்து நிமிஷம் ஓடவிடுங்கள். ஓடும்போது பக்கத்தில் ஊசி மாதிரி தண்ணீர் பீச்சுகிறதா என்று பார்க்கணும். பீச்சவில்லை என்றால் உள்ளே தண்ணீர் இழுக்கிற ரப்பர் சக்கரம் தேய்ந்திருக்கு, அல்லது சேறு அடைத்திருக்கு. உடனே நிறுத்தணும். எங்கள் சேற்றுக் கடலில் அந்த ரப்பர் சீக்கிரம் தேயும், ஒன்று கூடுதலாக வாங்கி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் கடலுக்குப் போகாமல் போட்டுவைக்கும்போது கார்புரேட்டரில் இருக்கிற பெட்ரோலை வடித்துவிடணும். இல்லாவிட்டால் பிசின் மாதிரி கட்டிக்கொண்டு தை மாசம் கிளம்பாது.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால் சொல்லிவிடுகிறேன். சேறும் ஆழக்குறைவும் உள்ள ஊர்க் குழுக்களுக்கு டீசல் லாங்டெயில். மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் பக்கம் தினப்படி போகிறவர்கள், பின்பலகை எஞ்சின்தான் வேணும் என்றால் நாலு ஸ்ட்ரோக், அதுவும் பழகிய மெக்கானிக் பட்டுக்கோட்டை தூரத்துக்குள் இருந்தால் மட்டும். எப்போதாவது போகிறவர்கள், தனி ஆளாகத் தூக்கிப் போகிறவர்கள், ரெண்டு ஸ்ட்ரோக் வாங்கலாம். பழைய ரெண்டு ஸ்ட்ரோக்கைக் குழுக் கடனில் வாங்குவதற்கு மட்டும் நான் கையெழுத்துப் போடமாட்டேன். நாலு ஸ்ட்ரோக் ஏற்கெனவே வைத்திருக்கிற ரெண்டு உறுப்பினர்கள் இதில் என்னோடு ஒத்துப்போகவில்லை, லாங்டெயிலை விட அதுதான் மேல் என்கிறார்கள். அவர்கள் பேச்சையும் கேளுங்கள்.

வியாபாரியிடம் எரிபொருளுக்கு முன்பணம் வாங்கினால் நண்டை அவர் சொல்கிற விலைக்குத்தான் போடணும். கட்டுமரம் இருந்த காலத்தில் அதற்குத் தீனி போட வேண்டியதில்லை. இப்போது பங்கு பிரிக்கிறதுக்கு முன்னாலேயே எரிபொருள் செலவைக் கழித்துவிடுகிறார்கள். ஆகவே குறைவாகக் குடிக்கிற எஞ்சின் என்பது, வியாபாரியிடம் குறைவாகக் கை நீட்டுவது. ஒவ்வொரு கூடையிலும் கிலோவுக்குப் பத்து ரூபாய் விடுகிறோமே, அந்தப் பணத்தை யாரும் எஞ்சின் செலவில் எழுதுவதில்லை.

மானியம் பற்றி. 2020-இல் வந்த பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பயனாளிகளுக்கான உதவிகளில் பொதுப்பிரிவுக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும் 60 சதவீதம் என்று விதி வைத்தார்கள். பெண் பெயரில் மனு போட்டால் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள். கடன் மட்டும் நம் பெயரில், எஞ்சின் பில் அவர் பெயரில் என்று இருக்கிற வழக்கம் இனி வேண்டாம். இந்த வருஷம் எஞ்சினுக்கு எந்தத் திட்டத்தில் பணம் இருக்கிறது என்று மீன்வளத்துறை அலுவலகத்தில் நேரில் போய்க் கேட்டு, எழுதி வாங்கி வாருங்கள்.

மனு கொடுத்த மூன்று குழுவும் அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ரெண்டு கடையின் விலைப்பட்டியல், ஒரு மாத எரிபொருள் நோட்டு, பழுது பார்க்கப்போகிற மெக்கானிக் யார் என்ற விவரம், மூன்றையும் கொண்டுவரணும். தீர்மானப் புத்தகத்தில் எழுதியாச்சு. என் எஞ்சினிலிருந்து கழற்றிய பிஸ்டன் இந்தத் துணிப்பைக்குள் இருக்கு. ஒரு பக்கம் முழுக்கக் கீறல். வரிசையாகக் கை மாற்றிப் பாருங்கள், கடைசியில் இருக்கிற அத்தாச்சி மறக்காமல் என்னிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அடுத்த மாதம் வேறு ஊர்க் கூட்டத்துக்கு எடுத்துப்போகணும்.